பரிசு கொடுத்தால் ஆர்வம் செத்துவிடுமா?

"ஸ்டிக்கர், பரிசு என்று கொடுத்தாலே பிள்ளைகளின் உள்ளார்வம் செத்துவிடும், 1973 ஆய்வு அதை நிரூபித்துவிட்டது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

அதை நடத்திய உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் தேர்ந்தெடுத்தது மார்க்கர் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை. "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள்தான் பிறகு குறைவாக வரைந்தார்கள். அதே சான்றிதழை எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. இந்தப் பாதியை ஏன் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் என்று தெரியவில்லை.

வகுப்பு நடத்தை வேறு விஷயம். முறை வரும்வரை காத்திருப்பதும் இடத்தைவிட்டு எழாமல் இருப்பதும் எந்தக் குழந்தைக்கும் ஓவியம்போல இனிப்பவை அல்ல. கெடுவதற்கு அங்கே ஆர்வமே பெரிதாக இல்லை. 1969இல் பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் என்ற ஆய்வாளர்கள் ஒரு நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். யாராவது அனுமதியில்லாமல் எழுந்தாலோ பேசினாலோ அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு குறைந்த அணி மதிய உணவுக்கு முதலில் வரிசையில் நிற்கலாம். இரண்டு அணியுமே கட்டுக்குள் இருந்தால் இரண்டும் ஜெயிக்கலாம். காசே செலவில்லாத பரிசு, ஆனால் கூச்சல் வெகுவாகக் குறைந்தது.

சரி, இந்த அணி விளையாட்டை நிறுத்தியதும் கூச்சல் திரும்பியது என்பதும் உண்மை. உங்கள் கவலையில் நியாயம் இருப்பது இங்கேதான். அதனால் பரிசைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், ஏற்கெனவே விரும்பிப் படிக்கிற பிள்ளைக்குப் புத்தகத்துக்கு இத்தனை ஸ்டிக்கர் என்று பேரம் பேசக் கூடாது. "அவன் முடிக்கும்வரை காத்திருந்தாயே, நன்றாக இருந்தது" என்று குறிப்பாகப் பாராட்டுங்கள்.