மனு வாங்கும் கையில் மசோதாவும் இருக்கட்டும்

போன வருஷம் எங்கள் தெரு மழைநீர் வடிகாலுக்காக எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கையில் ஒரு மனு, அதில் இருபத்து மூன்று கையெழுத்து. காலை பத்து மணிக்கே வாசலில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையோடு ஒருவர், ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒருவர், பையன் வேலைக்குச் சிபாரிசு கேட்டு ஒருவர். எம்.எல்.ஏ. ஊரில் இல்லை. உதவியாளர்தான் மனுக்களை வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் அறுபதைக் கடந்த ஒரு அம்மா. அவருடைய அப்பா வழிப் பூர்வீக நிலம் இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லையாம். அண்ணன்கள் இரண்டு பேரும் "உனக்கு எண்பத்தஞ்சுலயே கல்யாணம் ஆயிடுச்சு, சட்டப்படி உனக்குப் பங்கு கிடையாது" என்று சொல்லி, பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றப் பார்க்கிறார்கள். உதவியாளர் பொறுமையாகத்தான் கேட்டார். மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதி, முத்திரை குத்தி, "தாசில்தாருக்கு அனுப்பிடறேம்மா" என்றார். அந்த அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

இதில் என்ன வேடிக்கை என்றால், அண்ணன்கள் சொன்னது முழுப் பொய்யும் கிடையாது. 1989-ல் தமிழ்நாடு சட்டமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு. நாடு முழுக்க அந்த உரிமை வருவதற்குப் பதினாறு வருஷம் முன்பே நம் சட்டமன்றம் செய்த வேலை, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதில் ஒரு வரி: 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு இது பொருந்தாது. அந்த ஒரு வரி எத்தனை பெண்களை வெளியே நிறுத்தியது என்று யோசித்துப் பாருங்கள். 2005-ல் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆக, அந்த அம்மாவின் அண்ணன்கள் பேசிக்கொண்டிருந்தது பழைய கணக்கு.

வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் 'சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்' என்று இருக்கிறது. உள்ளே சட்டம் சொல்ல ஒரு ஆள் இல்லை. எனக்குத் தெரிந்ததை அந்த அம்மாவிடம் சொல்லி, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகச் சொன்னேன். அங்கே பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

எம்.எல்.ஏ.க்கள் வேலை செய்வதில்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 2021 தேர்தலில் 6.28 கோடி வாக்காளர்கள், 234 தொகுதிகள். வகுத்துப் பாருங்கள், ஒரு ஆளுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் வருகிறது. இத்தனை பேருடைய காதுகுத்து, கிரகப்பிரவேசம், கருமாதி எல்லாவற்றுக்கும் தலையைக் காட்ட வேண்டும். வராவிட்டால் "ஜெயிச்சப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல" என்று நாமே சொல்வோம். வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. அதில் நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம், உயர்கோபுர விளக்கு. நிழற்குடையில் நிழல் இருக்கிறதோ இல்லையோ, நிதி தந்தவர் பெயர் தூரத்திலிருந்தே தெரியும். சரி, அதுவும் போகட்டும். வடிகாலும் தெருவிளக்கும் உண்மையில் கவுன்சிலரும் ஊராட்சித் தலைவரும் பார்க்க வேண்டிய வேலை. நாம் எல்லாவற்றையும் எம்.எல்.ஏ. தலையில் கட்டிவிட்டோம், அவரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். ஏனென்றால் விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியும். ஒரு சட்டமுன்வடிவின், அதாவது மசோதாவின், மூன்றாவது பிரிவில் ஒரு வார்த்தையை மாற்றியது யார் கண்ணுக்குத் தெரியும்?

அந்த வார்த்தையைத்தான் யாரும் மாற்றுவதில்லை என்பது என் வருத்தம். கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் சட்டமுன்வடிவுகள் வரிசையாக வரும். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க." குரல் வாக்கெடுப்பு, நிறைவேறியது, அடுத்தது. எந்தக் கட்சி ஆட்சி என்றாலும் காட்சி இதுதான். சட்டமன்ற விதி 110-ன் கீழ் அமைச்சர் அறிவிப்பு வாசித்தால் விவாதமே கிடையாது, மேஜையைத் தட்டுவதோடு சரி.

2023 ஏப்ரல் 21-ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான திருத்தம் வந்தது. வேலை நேர விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு தர அரசுக்கு அதிகாரம் கொடுப்பது அதன் சாரம். '12 மணி நேர வேலை மசோதா' என்றுதான் ஊரில் பேர். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொந்தளித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சரே திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். திரும்பப் பெற்றதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். தொழிற்பேட்டைகள் இருக்கும் தொகுதிகளின் எம்.எல்.ஏ.க்கள் ஒரு வாரம் முன்னால் ஷிஃப்ட் விடும் நேரத்தில் தொழிற்சாலை வாசலில் போய் நின்று, "இப்படி ஒண்ணு வருது, என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தால்? அந்தப் பத்து நாள் கூத்தே நடந்திருக்காது. நிற்க அவர்களுக்கு நேரம் இருந்ததா என்பதல்ல, அவர்கள் கையிலேயே அந்தத் தாள் அப்போது இருந்ததா என்பதே கேள்வி.

"கொறடா உத்தரவு இருக்கும்போது எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயம். 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறினால் பதவிக்கே ஆபத்து. ஆனால் கொறடா கட்டுப்படுத்துவது ஓட்டை மட்டும்தான். கேள்வி கேட்பதை, திருத்தம் கொடுப்பதை, தொழிலாளியிடம் போய்ப் பேசிவிட்டு வந்து கட்சிக் கூட்டத்தில் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவசரப்படாமல் ஒரு சட்டமுன்வடிவைக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பவும், பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடவும் வழி உண்டு. அந்த வழியில் புல் முளைத்துக் கிடக்கிறது. இயற்றும் முன் 30 நாளாவது மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-ல் ஒரு கொள்கை முடிவு எடுத்தது. எந்த அளவுக்குப் பின்பற்றினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

நம் ஊரிலேயே இதைச் சரியாகச் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமைச்சர் கிடையாது. நியமன உறுப்பினர்தான். 1930-ல் பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமானது 1947-ல்தான். பதினேழு வருஷம்! இடையில் அவர் பதவியிலேயே இல்லை. அந்தப் பதினேழு வருஷமும் மசோதா செத்துப்போகாமல் இருந்ததற்கு ஒரு காரணம், சபைக்கு வெளியே நடந்த வேலை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய், அந்த வழக்கத்துக்குள் சிக்கியிருந்த பெண்களிடமே பேசினார். தானே அந்தச் சமூகத்தில் வளர்ந்தவர், அதனால் அவர் பேச்சுக்கு ஒரு கனம் இருந்தது. உள்ளே ஒருவர் வாசகம் எழுத, வெளியே ஒருவர் மக்களிடம் பேச, இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சட்டம்.

இன்னொன்று, கொஞ்சம் கிட்டத்தில் நடந்தது. தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா, அமைச்சராக இல்லாமலே கொண்டுவந்த திருநர் உரிமைகள் தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று அப்படி ஒரு அவையைத் தாண்டிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனாலும் திருநர் உரிமையைச் சட்டமாக எழுத முடியும் என்று காட்டியது அந்தத் தாள்தான்.

எனவே என் ஆசை ரொம்பப் பெரியது ஒன்றும் இல்லை. கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. எம்.எல்.ஏ. அதில் ஒன்றுக்காவது வரட்டும், வரும்போது போன கூட்டத்தொடரில் நிறைவேறிய சட்டங்களில் அந்த ஊருக்குச் சம்பந்தமுள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு வரட்டும். நீர்நிலை பற்றியோ, நிலம் பற்றியோ ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு பக்கத்துக்கு எளிய தமிழில் அடித்துக் கொடுக்கட்டும். எதிர்க்கட்சிக்காரர் என்றால் ஏன் எதிர்த்தேன் என்று சொல்லட்டும். 2022-ல் முதலமைச்சர் எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டார், ஞாபகமிருக்கிறதா? நல்ல யோசனை. பாலம், கல்லூரி, புறவழிச்சாலை கேட்பது சரிதான். அந்தப் பட்டியலில் "இந்தச் சட்டத்தில் இந்த வரியை மாற்றுங்கள்" என்பதற்கும் ஒரு இடம் இருந்தால் எப்படி இருக்கும்?

சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்டங்களுக்கு வந்தே மனு வாங்கும், ஆய்வு நடத்தும். அமைச்சர்கள் சபையில் தந்த வாக்குறுதி என்ன ஆனது என்று பார்க்க உறுதிமொழிக் குழுவும் உண்டு. உங்கள் எம்.எல்.ஏ. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று தெரியுமா? எனக்கும் தெரியாது, அன்றைக்குத்தான் கேட்டேன். உதவியாளருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன். வடிகால் பற்றி அல்ல. அந்த அம்மாவைப் போன்றவர்களுக்காக மாதம் ஒரு நாள், ஒரு வக்கீலை அலுவலகத்தில் உட்கார வையுங்கள், அப்படியே அடுத்த கூட்டத்தொடரில் என்னென்ன சட்டமுன்வடிவு வருகிறது என்று ஒரு தாளை வாசலில் ஒட்டுங்கள் என்று இரண்டே கோரிக்கை. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையும் வந்தது.

பத்து நாள் கழித்து உதவியாளரிடமிருந்து போன். குரலில் உண்மையான அக்கறை. "சார், உங்க லெட்டர் பாத்தோம். எம்.எல்.ஏ. அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா இது எந்தத் துறைக்கு அனுப்பறதுன்னு தெரியல சார். ரோடு, லைட்டு, வாய்க்கால்னு வேற ஏதாவது இருந்தா எழுதிக் குடுங்களேன்?"