பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், நிறுத்து என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை பஞ்சாயத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாள் இருந்தும் விட்டேன். இன்று காலை அந்த ஸ்கிரீன்ஷாட் சுற்றிச் சுற்றி எனக்கே ஃபார்வர்ட் ஆகி வந்தது, 'அங்கிள் ரொம்ப ஃபீல் பண்றார்' என்ற வாசகத்தோடு. சரி, ஃபீல் பண்ணியே விடுகிறேன்.

எழுதியது யார் என்று சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'மிரர் டு த ஸ்கை' ஆல்பத்தை நான் பகிர்ந்ததற்குக் கீழே அந்தத் தம்பி போட்டது நான்கே வரி. இது யெஸ்ஸே இல்லை, டிரிபியூட் பேண்ட் (அடுத்தவர் பாட்டை அப்படியே வாசிக்கும் நகல் குழு). இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. லெஜண்டுகள் மரியாதையாக ஓய்வு பெற வேண்டும். இந்தக் கிழவர்களை யாராவது நிறுத்துங்கள். இதற்கு 47 ஹாஹா. அதில் 11 பேர் என் நண்பர் பட்டியலில் இருப்பவர்கள். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

பிடிக்கவில்லை என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. என் வீட்டிலேயே யாருக்கும் பிடிக்காது. நான் ஹெட்ஃபோனில்தான் கேட்கிறேன். ஆனால் பிடிக்கவில்லை என்பது ஒன்று, நிறுத்து என்பது வேறு. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு ஒரு மனிதரை வீட்டுக்குப் போ என்று சொல்ல முடியுமா?

அந்த மனிதர் ஸ்டீவ் ஹவ். 2023 மே மாதம் ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 76. கிதார் மட்டும் வாசிக்கவில்லை, ஆல்பத்தின் தயாரிப்பாளரும் அவர்தான். ஆறு பாடல்கள், தனி வட்டில் இன்னும் மூன்று. தலைப்புப் பாடல் கிட்டத்தட்ட 14 நிமிடம். பின்னால் மாசிடோனியாவின் ஃபேம்ஸ் ஆர்கெஸ்ட்ரா. அதற்கு இசைக்கோவை எழுதிய பால் ஜாய்ஸ்தான் 'பாப் த பில்டர்' கார்ட்டூனின் தீம் பாட்டைப் போட்டவர். எப்படியும் கண்டுபிடித்து மீம் போடுவீர்கள், அதனால் நானே சொல்லிவிட்டேன். அந்த 14 நிமிடத்தில் பாட்டு எங்கேயும் அவசரப்படாது. கிதார் ஒரு பேச்சைத் தொடங்கும், விட்டுவிடும், தந்தி வாத்தியங்கள் வந்து அதையே வேறு மாதிரி சொல்லும். இரண்டாவது நிமிடத்தில் எழுந்து போனவருக்கு இதில் என்ன கிடைத்திருக்கும்? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போனவர் சாப்பாடு சரியில்லை என்கிறார்.

டிரிபியூட் பேண்ட் விஷயத்துக்கு வருகிறேன். 1968இல் குழுவைத் தொடங்கியவர்கள் ஒருவர்கூட இப்போது குழுவில் இல்லை, உண்மை. ஸ்டீவ் ஹவ்வே 1970இல் பீட்டர் பேங்க்ஸ் இடத்துக்கு வந்தவர்தான். அப்படிப் பார்த்தால் நீங்கள் கொண்டாடும் 1972ஆம் வருட 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்திலும் ஐந்து பேரில் இரண்டு பேர் பின்னால் வந்தவர்கள். அந்த ஆல்பம் முடிந்த கையோடு டிரம்மர் பில் புரூஃபோர்ட் கிங் கிரிம்ஸன் என்ற வேறு குழுவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த ஆலன் வைட் மூன்றே நாளில் எல்லாப் பாட்டையும் படித்துக்கொண்டு மேடையேறினார். 1980இல் 'டிராமா' வந்தபோது பாடகர் ஜான் ஆண்டர்சன் இல்லை, கீபோர்ட் வாசித்த ரிக் வேக்மன் இல்லை. அப்போதும் இது யெஸ் இல்லை என்றுதான் கொதித்தார்கள். இன்று அதே ஆல்பத்தை ஆகா ஓகோ என்கிறார்கள். அன்று வந்த ஜெஃப் டவுன்ஸ்தான் இன்றும் கீபோர்டில் இருக்கிறார். 1983இல் '90125' ஆல்பம் வந்தது. அதில் ஹவ் இல்லை. அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அவர்களது ஒரே பாட்டு அதில்தான் இருக்கிறது. எந்த யெஸ் உண்மையான யெஸ் என்று யாராவது தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறீர்களா?

பேஸ் கிதார் வாசித்த கிறிஸ் ஸ்கொயர் இல்லாமல் யெஸ்ஸா என்று ஒரு நண்பர் வருத்தமாகக் கேட்டிருந்தார். அவர் கேட்ட விதம் வேறு, அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். 2015இல் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் தன் இடத்தில் பில்லி ஷெர்வுட்டை நிற்கச் சொன்னவர் ஸ்கொயரேதான். அந்த ஜூனில் அவர் இறந்தார். 2022 மே மாதம் ஆலன் வைட்டும் போனார். 'மிரர் டு த ஸ்கை' அவருக்குத்தான் சமர்ப்பணம். அதில் டிரம்ஸ் ஜே ஷெலன், முன்பே மேடையில் வைட்டுக்குத் துணையாக வாசித்தவர். இவர்கள் எல்லாம் வேலைக்கு ஆள் எடுத்த மாதிரி வந்தவர்கள் இல்லை.

இப்போதைய பாடகர் ஜான் டேவிசன் முன்பு யெஸ் பாடல்களைப் பாடும் குழுவில் இருந்தவர் என்று ஒரு கண்டுபிடிப்பு. சரி. ஜான் ஆண்டர்சன் 2024இல் 'ட்ரூ' என்று ஆல்பம் போட்டார், அருமையான ஆல்பம், எல்லோரும் அழுதோம். அவரோடு வாசித்த 'பேண்ட் கீக்ஸ்' குழுவினர் எங்கே பேர் வாங்கினார்கள்? யூட்யூபில், மற்றவர்கள் பாட்டை வாசித்து. அது மட்டும் உங்களுக்கு இனித்ததா?

2008இல் மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்த ஆண்டர்சனை விட்டுவிட்டு வேறு பாடகரோடு டூர் போனவர்கள்தானே இவர்கள் என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அப்போது எனக்கும் கோபம்தான். ஆனால் இப்போது பேசுவது இந்த ஆல்பத்தைப் பற்றி.

காசுக்காகச் செய்கிறார்கள் என்பவர்களுக்குப் பதில் இல்லை. நீங்கள் சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பவராக இருந்தால் வாருங்கள், பேசலாம்.

நான் யெஸ் கேட்க ஆரம்பித்தது கேசட் காலத்தில். பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டிங் கடையில் பதிந்து தருவார்கள். நான் நான்கு பாட்டு எழுதிக் கொடுத்தேன், கடைசியில் 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. அது 18 நிமிடத்துக்கு மேல் ஓடும் என்று எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. பாதி தாண்டி, சர்ச் ஆர்கன் எழும்பப் போகிற இடத்தில், டக்கென்று நாடா முடிந்துவிடும். ஆறு வருடம் அந்தப் பாட்டு அங்கேயே முடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு துணிச்சலான முடிவு என்று நண்பர்களிடம் விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன். மிச்சத்தைக் கேட்ட அன்று ராத்திரி தூங்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுத் தீர்ப்புச் சொன்ன முட்டாள்தனம் என்னிடமும் இருந்தது, தம்பி. என்னுடையது நாடா தீர்ந்ததால் வந்தது.

பொற்காலம் பொற்காலம் என்கிறார்களே, அந்தப் பொற்காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1973இல் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்', இரண்டு தட்டு, நான்கே பாட்டு. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றி இருந்த ஓர் அடிக்குறிப்பிலிருந்து ஆண்டர்சன் கட்டி எழுப்பியது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ரிக் வேக்மனுக்கு அது அறவே பிடிக்கவில்லை. மான்செஸ்டர் மேடையில் கீபோர்டுகளுக்கு நடுவே கோழிக் கறி வரவழைத்துச் சாப்பிட்டார், கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே. அவரே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை இது. அன்று அவர்களுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அன்றைக்கு நிறுத்துங்கள் என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2014இல் வந்த 'ஹெவன் அண்ட் எர்த்' சரியில்லை. நானே அதை மூன்று தடவைக்கு மேல் கேட்டதில்லை. மெதுவாக வாசிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆமாம், ஹவ் இப்போது மெதுவாகத்தான் வாசிக்கிறார். இந்த வயதில் மெதுவாக வாசிக்காமல்? நானும் மெதுவாகத்தான் டிராயிங் பார்க்கிறேன். இருபத்தெட்டு வருடமாக என் வேலை பைப்பிங் டிராயிங், அதாவது குழாய் அமைப்புகளின் வரைபடம். போன வருடம் ஒரு மீட்டிங்கில் என்னை 'நம்ம லெஜண்ட்' என்று அறிமுகப்படுத்தினார்கள், கைதட்டினார்கள். அடுத்த வாரத்திலிருந்து புது வேலை எதுவும் என் டேபிளுக்கு வரவில்லை. கேட்டால், 'சார், நீங்க எதுக்கு இதெல்லாம், ரிலாக்ஸா இருங்க.' சொன்ன பையனுக்கு நான்தான் ஐசோமெட்ரிக் வரையச் சொல்லிக் கொடுத்தேன். மெதுவாகப் பார்த்ததில்தான் அவன் போட்ட ஒரு லெவல் தப்பு என் கண்ணில் பட்டது. அதை யாரும் லெஜண்ட் கணக்கில் சேர்க்கவில்லை.

லெஜண்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அதற்கு அடுத்த வரி என்னவென்று தெரியும்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். ஆல்பத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், நானே லைக் போடுகிறேன். கமெண்டில் வந்து 'கூல் அங்கிள்' என்று மட்டும் போடாதீர்கள், பிளாக் செய்துவிடுவேன். ஹாஹா போட்ட பதினொரு பேரும் கல்யாணத்திலும் காதுகுத்திலும் என்னைப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

அந்தத் தம்பி இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். பழைய ஸ்பீக்கர் இன்னும் நன்றாகத்தான் பாடுகிறது. 14 நிமிடம், எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. கோழிக் குழம்பு நானே வைக்கிறேன். பாட்டு ஓடும்போதே சாப்பிடலாம், வேக்மன் சாப்பிடவில்லையா.