ஆணி அடித்தால் ஆண் பப்பாளி காய்க்குமா?

"ஆண் பப்பாளியில் இரும்பு ஆணி அடித்தால் பெண் மரமாகிக் காய்க்கும்" என்று மதுரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. ஆணா பெண்ணா என்பது விதையிலேயே முடிவாகிவிடும். ஆணியால் வருவது காயம் மட்டும்தான். அதில் தண்ணீர் இறங்கினால் தண்டு அழுகும், பாவம்.

பூவைப் பாருங்கள். நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண். அடி பருத்து, தண்டை ஒட்டி உட்கார்ந்திருந்தால் பெண். பருவம் மாறும்போது சில ஆண் மரங்கள் காம்பு நுனியில் தாமாகவே இரண்டொரு காய் விடும். அதைத்தான் ஆணியின் பலன் என்று நம்பிவிடுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3, கோ 7 ரகங்களில் கலப்பில்லாத விதை வாங்குங்கள். ஆண் மரம் வராது. நாட்டு விதை என்றால் குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூத்த பிறகு பெண் மரம் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.