போடோ/கிளிம்டை ‘அதிசயம்’னு சொல்றதை நிறுத்துவோமா?

2021 அக்டோபர் 21, ராத்திரி பத்தேகால் மணி. ஐரோப்பியக் கால்பந்தின் மூன்றாந்தரப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கை யார் பார்ப்பார்கள் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போனவன் நான். பன்னிரண்டு மணி வாக்கில் நண்பனிடமிருந்து மெசேஜ்: “மச்சான், மொரின்யோ ஆறு வாங்கிட்டாப்ல.” ஆறா! நம்பாமல் ஸ்கோர் போய்ப் பார்த்தேன். நார்வேயின் போடோ/கிளிம்ட் 6, மொரின்யோ பயிற்சியளித்த இத்தாலியின் ரோமா 1. மொரின்யோவின் அணி ஒரே மேட்சில் ஆறு கோல் வாங்கியது அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவர் ரிசர்வ் ஆட்களை இறக்கினார் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வாரம் கழித்து ரோம் நகரத்திலேயே 2-2. அதற்கு என்ன சாக்கு?

அன்றைக்கு நானும் ‘அதிசயம்’ என்றுதான் பதிவு போட்டேன். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே ஒரு ஊர், சுமார் ஐம்பதாயிரம் ஜனம், எட்டாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம், செயற்கைப் புல் தரை, ஓரத்தில் குவித்துவைத்த பனி. படம் எடுத்தால் ஓடும். அப்புறம் இந்த கிளப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, அந்தப் பதிவு எனக்கே கூச்சமாகிவிட்டது. (ஊர்க்காரர்கள் வாயில் அந்தப் பெயர் ‘பூடெ’ மாதிரி ஒலிக்கிறது. எனக்குப் பழகிவிட்டதால் போடோ என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும்.)

கிளப் பிறந்தது 1916-ல். பெயர் வெறும் ‘கிளிம்ட்’, அதாவது மின்னல் கீற்று மாதிரி ஒரு பளிச். ஊர்ப்பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டது 1948-ல். நார்வே கோப்பைப் போட்டி 1902-லிருந்து நடக்கிறது. ஆனால் வட நார்வே கிளப்புகளை அதில் சேர்த்துக்கொண்டது 1963-ல். திரும்பப் படியுங்கள், 1963. அதுவரை வடக்கத்தியவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சாம்பியன்ஷிப் ஆடிக்கொள்ள வேண்டியதுதான். தூரம், செலவு என்று காரணம் சொன்னார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு, போடோவுக்கு ரயிலே 1962-ல்தான் வந்தது. ஆனால் அடியில் கிடந்த காரணம் வேறு: வடக்கத்தியானுக்கு நம்ம அளவுக்கு ஆட வராது.

கோப்பைக் கதவு திறந்த பிறகும் லீக் கதவு திறக்கவில்லை. வட நார்வே அணி முதல் டிவிஷனுக்கு ஏறலாம் என்று ஆனதே 1972-லிருந்துதான். அதிலும் ஒரு வில்லங்கம் வைத்தார்கள். இரண்டாம் டிவிஷனில் தெற்கே இரண்டு பிரிவு, வடக்கே ஒன்று. தெற்குப் பிரிவில் முதலாவது வந்தால் நேராக மேலே போய்விடலாம். வடக்குப் பிரிவில் முதலாவது வந்தால்? தெற்கில் இரண்டாவது வந்தவர்களோடு பிளேஆஃப் ஆட வேண்டும். அதாவது வடக்கின் முதல் ரேங்க்கும் தெற்கின் இரண்டாம் ரேங்க்கும் ஒன்று! கிளிம்ட் 1974-ல் பிரிவை ஜெயித்தது, பிளேஆஃபில் போச்சு. 1975-லும் ஜெயித்தது, மறுபடியும் போச்சு.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அதே 1975-ல்தான் இவர்கள் நார்வே கோப்பையையே தூக்கினார்கள். இறுதிப் போட்டியில் வார்ட் அணியை 2-0. கோப்பையைத் தொட்ட முதல் வடக்கு அணி. நாட்டின் கோப்பை கையில் இருக்கிறது, ஆனால் நாட்டின் முதல் டிவிஷனில் ஆட இடம் கிடையாது! 1976-ல் ஒருவழியாகப் பிளேஆஃபைத் தாண்டி, 1977-ல் முதல் டிவிஷனில் கால் வைத்தார்கள். வைத்த முதல் வருஷமே லீக்கில் இரண்டாம் இடம், கோப்பையிலும் இறுதிப் போட்டி. ‘ஆட வராது’ என்ற வாதத்துக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

டூத்பிரஷ் சமாச்சாரமும் அந்தக் காலத்தில் முளைத்ததுதான். 70களில் ஒரு ரசிகர் கையில் டூத்பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, கச்சேரியில் தாளம் காட்டுவதுபோல் கேலரியை ஆட்டிவைத்திருக்கிறார். அது பிடித்துக்கொண்டது. ஜோர்டான் என்ற நார்வே டூத்பிரஷ் கம்பெனி பெரிய சைஸ் பிரஷ்ஷே செய்து கொடுத்தது. இன்றைக்கும் கேலரியில் மஞ்சள் ஜெர்சி போட்ட பெரிய மனுஷர்கள், துடுப்பு நீளத்துக்கு மஞ்சள் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். முதல் தடவை டிவியில் பார்த்தபோது ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன்.

அடுத்த முப்பத்தைந்து வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம், அவர்களுக்கே அது சுகமான காலம் இல்லை. 1980-ல் இறக்கம், பிறகு மூன்றாம் டிவிஷன் வரைக்கும் சரிவு. மீண்டு வந்து 1993-ல் இன்னொரு கோப்பை. 2009-ல் மறுபடி இறக்கம், அதை ஒட்டிக் கிளப் திவாலின் விளிம்புவரை போனது. 2016-ல் இன்னொரு இறக்கம்.

நம் ஆட்கள் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. 2016-ல் கீழே விழுந்த கிளப் 2020-ல் சாம்பியன் ஆனது எப்படி? எண்ணெய்க் கிணறு வைத்திருக்கும் முதலாளி யாரும் வாங்கவில்லை. நார்வேயில் கிளப்புகள் உறுப்பினர்கள் கையில்தான், அப்படி விலைபேசிவிட முடியாது. நடந்தது இரண்டு காரியம். ஒன்று, 2017-ல் துணைப் பயிற்சியாளராக வந்து அடுத்த வருஷம் தலைமை ஏற்ற ஷெட்டில் க்னூட்சன். பெர்கன் பக்கத்துச் சின்னச் சின்ன கிளப்புகளில் வேலை பார்த்தவர், பெரிய பெயர் இல்லை. இன்னொன்று, ஆட்டக்காரர்களுக்கு மனப்பயிற்சி தர வந்த பியோர்ன் மான்ஸ்வெர்க். இவர் ஃபுட்பால் ஆளே இல்லை, நார்வே விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர். போடோவில் பெரிய விமானப்படைத் தளம் இருந்தது, அங்கிருந்து வந்தவர்.

மான்ஸ்வெர்க் சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று. கோல் வாங்கினால் பத்துப் பதினோரு பேரும் வட்டமாகக் கூடி நிற்பார்கள். யாரையும் திட்டுவது இல்லை. என்ன நடந்தது, அடுத்து என்ன, அவ்வளவுதான். சில நொடியில் கலைந்துவிடுவார்கள். அடுத்த மேட்சில் கவனித்துப் பாருங்கள். கோல் வாங்கியதும் கோல்கீப்பரைப் பார்த்துக் கையை விரிக்கும் டிஃபெண்டர்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது வேறு ஊர் வழக்கம்தான். உல்ரிக் சால்ட்னெஸ் என்ற நடுக்கள ஆட்டக்காரர், மேட்ச் பதற்றத்தில் வயிற்றுவலி வந்து ஆட்டத்தையே விட்டுவிடும் நிலைக்குப் போனதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மான்ஸ்வெர்கோடு உட்கார்ந்து அதிலிருந்து மீண்டவர். விட்டிருந்தால் பின்னால் வந்த பட்டங்கள் எதிலும் அவர் இருந்திருக்க மாட்டார்.

இன்னொன்று, இத்தனை இடத்தில் முடிக்க வேண்டும், இத்தனை புள்ளி எடுக்க வேண்டும் என்ற இலக்கே இவர்கள் வைப்பதில்லையாம். கேட்கும்போது சாமியார் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் 2020 கணக்கைப் பாருங்கள்: 30 மேட்ச், 26 வெற்றி, 3 டிரா, ஒரே ஒரு தோல்வி, 103 கோல். வடக்குக்கு வந்த முதல் லீக் பட்டம். அந்த வருஷமே ஹாவ்கே என்ற கிளிம்ட் ஆட்டக்காரர் சான் சிரோவில் மிலனுக்கு எதிராகக் கோல் போட்டார், ஒரு வாரத்தில் மிலனே அவரை வாங்கிக்கொண்டது. கோல் போட்டுக் குவித்த சின்கர்நாகலும் யுங்கரும் கிளம்பினார்கள். சரி, முடிந்தது என்றார்கள். 2021-ல் மறுபடியும் பட்டம். பிறகு 2023, 2024.

2025 ஏப்ரலில், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் காலிறுதியில் இத்தாலியின் லாட்சியோ. வீட்டில் 2-0. ரோமில் கூடுதல் நேரத்தில் 3-1 என்று இழந்து, பெனால்டியில் கோல்கீப்பர் ஹைகின் தடுத்துக் கொடுக்க வெற்றி. ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதிக்குப் போன முதல் நார்வே கிளப் இதுதான். அரையிறுதியில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமோடு ஆடும் மேட்சுக்கு டிக்கெட் கிடைக்காமல், ஒரு ஆள் ஐந்து கிலோ கலைமான் இறைச்சி தருகிறேன் என்று பேரம் பேசிய செய்தி அப்போதுதான் வந்தது. இரண்டு மேட்சிலும் தோல்வி, மொத்தம் 5-1. டாட்டன்ஹாம் நன்றாகவே ஆடினார்கள், புலம்ப ஒன்றுமில்லை.

எனக்கு ஒரு நெருடலும் உண்டு, மறைக்கவில்லை. ஐரோப்பியப் போட்டிப் பணம் வருஷா வருஷம் வந்து குவிய, நார்வே லீக்கில் இப்போது இவர்களே பெரிய வீட்டுப் பிள்ளை. ஐந்து வருஷத்தில் நான்கு பட்டம். வெளியே நின்று கதவைத் தட்டிய கிளப், இன்றைக்கு மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கும் இடத்தில். 2025-ல் வைக்கிங் அணி பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனபோது, கிளிம்ட் ரசிகனான எனக்கே கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுபடி அந்த 6-1-க்கு வருகிறேன். இரண்டாவது கோல் போட்டவர் பேட்ரிக் பெர்க். அவர் அப்பா ஓர்யன் பெர்க், சித்தப்பா ரூனார் பெர்க், இருவரும் கிளிம்ட் ஆட்டக்காரர்கள். தாத்தா ஹரால்ட் பெர்க், ஹாலந்தில் ஆடிவிட்டு ஊர் திரும்பி, 1975 கோப்பையைத் தூக்கிய அணியில் இருந்தவர். பிரிவை ஜெயித்தும் மேலே விடப்படாத அதே அணியில். இதை ‘அதிசயம்’ என்று நான் போட்ட பதிவு இன்னும் டைம்லைனில் கிடக்கிறது, அழிக்கவில்லை. கீழே கமெண்டில் லிங்க் போடுகிறேன், வந்து கலாய்த்துவிட்டுப் போங்கள்.