கை எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச்

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்ததை அங்கிருந்தவர்கள் அறிவார்கள். மற்றவர்கள் வாட்ஸ்அப் குழுவில் படித்திருப்பீர்கள். புதிய வயரிங்கில் கீசருக்கும் ஏசிக்கும் தனி சுவிட்ச் தேவையில்லை, டிபி பாக்ஸிலிருந்து, அதாவது வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரிக்கும் பெட்டியிலிருந்து, நேராக லைன் இழுத்துவிடலாம் என்றார் ஒப்பந்தக்காரர். நான் எழுந்து மறுத்தபோது, "மேடம், இது டெக்னிக்கல் விஷயம், விட்டுவிடுங்கள்" என்று ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அங்கே பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். சுவரில் பொருத்தப்பட்டு அதிக மின்சாரம் இழுக்கும் ஒவ்வொரு கருவிக்கும், அதைப் பயன்படுத்துபவரின் கை எட்டும் இடத்தில், ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (அது திரும்பும் கம்பி) இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் ஒன்று வேண்டும். கீசருக்கானது குளியலறைக்கு வெளியே, கதவை ஒட்டி இருக்க வேண்டும். ஈரக் கையோடு தொட நேராத இடத்தில், ஆனால் இரண்டடி நடந்தால் எட்டும் இடத்தில்.

"எம்சிபி இருக்கிறதே?" என்கிறார்கள். டிபி பாக்ஸில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும், தானாகவே விழும் சுவிட்ச் அது. எம்சிபியின் முதல் வேலை, ஓவர்லோடும் ஷார்ட் சர்க்யூட்டும் வரும்போது வயரைக் காப்பாற்றுவது. நம் வீடுகளில் கீசர் லைனுக்குப் போடப்படும் சிங்கிள் போல் எம்சிபி, தன் வழியாகப் போகும் ஒரே ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். மீட்டர் பக்கத்திலேயே யாரோ ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தால், அது துண்டிப்பது நியூட்ரலை. தண்ணீர் சுடாது, கீசரின் விளக்கு எரியாது, எல்லாம் நின்றுவிட்டதாகவே தோன்றும். ஆனால் தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமெண்டின் முனையில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். 2000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. அதனால்தான் அதற்கு 6 ஆம்பியர் பாயிண்ட் போதாது, 16 ஆம்பியர் வேண்டும் என்கிறோம். அந்த அளவுக்கு அக்கறை காட்டியவர்கள், அதை அணைப்பது எப்படி என்பதில் மட்டும் ஏன் கையை விரிக்கிறார்கள்?

என் அம்மா தனியாக இருந்த ஒரு இரவு ஏசியிலிருந்து கருகல் வாடை வந்தது. ரிமோட்டை அழுத்தினார். காற்று நின்றது, வாடை நிற்கவில்லை. ரிமோட் கருவியைத்தான் நிறுத்துமே தவிர, அதற்குள் வரும் மின்சாரத்தைத் துண்டிக்காது. அந்த வீட்டில் டிபி பாக்ஸ் வாசற்கதவுக்கு மேலே, பரண் உயரத்தில் இருக்கிறது. அம்மா ஐந்தடிக்கும் குறைவு. முட்டிவலியோடு சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினால், பெயர் எழுதாத எம்சிபிகள் வரிசையாக இருந்தன; எது ஏசி என்று தெரியாமல் மெயினையே இறக்கிவிட்டு, கும்மிருட்டில் சுவரைத் தடவித் தடவி இறங்கியிருக்கிறார். "ஒன்றும் ஆகவில்லையே" என்று கூட்டத்தில் சொன்ன அன்பருக்குச் சொல்கிறேன்: ஏதாவது ஆன பிறகுதான் இதைப் பேச வேண்டுமா? அறையிலேயே ஒரு ஏசி பாக்ஸ், அதாவது ஏசிக்கென்றே தனி சுவிட்ச் உள்ள பெட்டி, இருந்திருந்தால் அம்மா ஸ்டூலில் ஏறியிருக்கவே வேண்டாம்.

சுவிட்ச் சுவரின் அழகைக் கெடுக்கிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அழகு அவரவர் விருப்பம். கூடுதல் செலவு என்பதை ஏற்கவே மாட்டேன். ஃபால்ஸ் சீலிங்குக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராது. மின்கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டால் போதும் என்பவர்கள் பாதி சரி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உயிர் காக்கும். அது இல்லாத வீடுகளில் உடனே போட வேண்டும். ஆனால் கசிவு வந்தால் துண்டிப்பது வேறு, நாம் வேண்டும்போது அணைப்பது வேறு. "அமெரிக்காவில் சாக்கெட்டில் சுவிட்சே கிடையாது" என்றார் இன்னொருவர். உண்மைதான். ஆனால் அங்கே நிலையாகப் பொருத்திய பெரிய கருவிகளுக்கு, துண்டிக்கும் பிரேக்கர் கருவியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும், அல்லது அணைத்த நிலையில் பூட்டி வைக்கும்படி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரிட்டனில் சமையல் அடுப்புக்கும் தண்ணீர் சூடாக்கும் டாங்குக்கும் பக்கத்திலேயே தனி டபுள் போல் சுவிட்ச் வைப்பது வழக்கம். வெளிநாட்டைக் காட்டுவதானால் முழுதாகக் காட்டுங்கள்.

அமெரிக்க விதி சொல்லும் அந்தப் பூட்டு எதற்கென்று கீசர் பழுது பார்க்க வந்த தம்பி எனக்குக் காட்டினார். வேலையைத் தொடங்குமுன் தன் உதவிக்கு வந்த பையனை டிபி பாக்ஸ் அருகே நிறுத்திவிட்டு, "யார் வந்து கேட்டாலும் அந்த எம்சிபியைத் தூக்கிவிடாதே" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஃபேன் ஓடலைன்னு வீட்டில் யாராவது வந்து எல்லாத்தையும் தூக்கிவிட்டுடுவாங்க அக்கா, ஒரு தடவை பட்டிருக்கேன்" என்றார். இரண்டு கைகளும் எலிமெண்டின் முனையில் இருக்கும் ஒரு மனிதர், ஹாலில் நிற்கும் பையனின் கவனத்தை நம்பி வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச் இருந்திருந்தால் அதை அவரே அணைத்து, அவரே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

எனக்கு எலக்ட்ரிக்கல் பட்டம் கிடையாது. அதைச் சொல்லித்தான் சிரித்தீர்கள். ஆனால் பகல் முழுவதும் அந்த வீடுகளில் இருப்பவர்கள் நாங்கள். கருகல் வாடை வந்தால் முதலில் ஓடப்போவது நாங்களும் எங்கள் வீட்டுப் பெரியவர்களும்தான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தது எனக்கு வலிக்கிறது. சுவர் இன்னும் பூசப்படவில்லை. பைப்பும் பெட்டியும் இப்போதே வைத்துவிட்டால் உடைக்கும் வேலை மிச்சம். பூச்சு வேலை தொடங்குமுன் கூட்டத்தை மறுபடி கூட்டுங்கள் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.