‘லேசான மயக்க ஊசிதான்’ என்று சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

பெரிய நாய் வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கருப்பன் கிரேட் டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தான். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஆடாமல் படுக்க மாட்டான், லேசாக மயக்க ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அங்கிருந்த எடை மிஷினில் அவனுடைய நாலு காலும் அடங்கவில்லை. “எழுபது கிலோ இருப்பானா?” என்று கேட்டார்கள். இருப்பான் என்று நானும் தலையாட்டினேன். ஊசி போட்ட பத்து நிமிடத்தில் அப்படியே சரிந்தான். எக்ஸ்ரே சட்டென்று முடிந்துவிட்டது. அவன் எழுந்து நிற்க ஆறு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். ஈறு வெளிறிப்போய், காது மடல் சில்லென்று கிடந்தது. ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வேறொரு இடத்தில் ஒழுங்காக எடை போட்டோம். 58 கிலோ.

அந்த 12 கிலோ பிழையோடு கதை முடியவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்குவதே பெரிய உடம்புக்குச் சரிப்பட்டு வராது. 5 கிலோ நாயையும் 50 கிலோ நாயையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். எடை பத்து மடங்கு. ஆனால் உடம்பின் பரப்பு ஐந்து மடங்குகூட வராது. மருந்தை உடம்பு செலவழிக்கும் வேகமும் எடை கூடுகிற அளவுக்குக் கூடுவதில்லை. அதனால்தான் டெக்ஸ்மெடிடோமிடின் என்கிற மயக்க மருந்தின் அளவை உடல் பரப்பை வைத்தே அட்டவணை போட்டுத் தருகிறார்கள். அசெப்ரோமசின் என்கிற இன்னொரு மயக்க மருந்தைப் போடும்போது, நாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மொத்தம் 3 மில்லிகிராமைத் தாண்டாத டாக்டர்கள் நிறையப் பேர். கொழுத்த நாய் என்றால், அது இருக்க வேண்டிய எடைக்குத்தான் கணக்கு.

இதைவிட என்னை வருத்துவது ‘லேசான’ என்கிற அந்தச் சொல். முழு மயக்கம் என்றால் எல்லோரும் உஷாராகிவிடுகிறோம். தொண்டையில் குழாய் இருக்கும், ஆக்ஸிஜன் போகும், ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். லேசான மயக்கத்தில் பல நேரம் இதில் ஒன்றுகூட இருப்பதில்லை. ஆனால் உள்ளே போவது இதயத்தையும் மூச்சையும் மட்டுப்படுத்துகிற மருந்துதான். நாய்க்கு எந்தக் காரணத்துக்காகத் தூக்கம் வரவைத்தாலும் நாக்கில் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டராவது மாட்டியிருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பிரிட்டனில் 98,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. மயக்கத்தால் இறந்தவை சுமார் 0.17 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு இரண்டுக்கும் குறைவு. ஆரோக்கியமான நாய்களில் 0.05 சதவீதம்தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. இறந்தவற்றில் கிட்டத்தட்டப் பாதி, எல்லாம் முடிந்த பிறகு இறந்தவை. அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். அதாவது ‘முடிந்தது’ என்று எல்லோரும் கை கழுவப் போகிற நேரத்தில். அதைப் படித்ததும் அந்த ஆறு மணி நேரம்தான் கண் முன்னால் வந்தது.

இனத்துக்கு இனம் சங்கதி வேறு. பாக்ஸர் நாய்க்கு அசெப்ரோமசின் போட்டு, துடிப்பு குறைந்து மயங்கி விழுந்த சம்பவங்கள் உண்டு. கிரேஹவுண்ட் நாய்க்குத் தயோபென்டால் என்கிற மயக்க மருந்தைப் போட்டால் வெகுநேரம் எழுந்திருக்காது. கோலி இனத்தில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறை இருக்கிறது, சில மயக்க மருந்துகள் அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்ளும். டாபர்மேன் என்றால் இதயத்தையும் ரத்தம் உறைவதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். வயதான லேப்ரடார் குரைக்கும்போது குரல் கரகரத்தால், மூச்சு விட்டால் இரைச்சல் கேட்டால், அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குரல்வளை சரியாகத் திறக்காத நோய் அந்த இனத்தில் அதிகம்.

இன்னொன்று. மார்பு ஆழமான பெரிய இனத்துப் பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்வதாக இருந்தால், இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைப்பதைப் பற்றிக் கேளுங்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது இந்த இனங்களில் உயிரையே கொண்டுபோகும். ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடலாம்.

டாக்டர்களைக் குறை சொல்ல வரவில்லை. நாம் கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே விளக்குகிறார்கள். இன்றைக்கு எடை போட்டீர்களா? ரத்தப் பரிசோதனை வேண்டுமா? இந்த மருந்தை முறிக்க மாற்று ஊசி இருக்கிறதா, அது கையில் தயாராக இருக்கிறதா? கண் விழிக்கும் வரை பக்கத்தில் யார் இருப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் ஒரு ஆளின் பெயராக இருக்க வேண்டும். ‘பார்த்துக்குவாங்க’ என்றால் எனக்குப் போதாது.

போன மாதம் கருப்பனுக்குப் பல் சுத்தம் செய்தார்கள். தரையோடு பதித்த மிஷினில் ஏற்றி எடை பார்த்தார்கள், 61. இதயத்தை எக்கோ எடுத்தார்கள். பாரத்தில் தசை நசுங்கக் கூடாது என்று அடியில் தடிமனான மெத்தை போட்டார்கள். முடிந்ததும் ஒரு பெண் அவன் தலைமாட்டில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவன் எச்சில் விழுங்கத் தொடங்கிய பிறகுதான் குழாயை உருவினார். நெஞ்சு தரையில் படும்படி அவனை நிமிர்த்தி வைத்து, கையை விலாவிலேயே வைத்திருந்தார். முக்கால் மணி நேரத்தில் தலையைத் தூக்கி என்னைத் தேடினான்.