கார்னெட்ஸுக்கு இரண்டு சீசன்தான் கொடுத்தார்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் வந்த பிறகுதான் அவர் ஆடிய அயோவா மாநிலம் பெண்கள் கூடைப்பந்தைப் பார்க்கத் தொடங்கியது என்பதுபோல ஆளாளுக்கு எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. கிளார்க் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர் ஆட்டத்தை விடாமல் பார்க்கிறவன் நான். 2023 அக்டோபரில் அயோவா பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மைதானத்தில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்துக்கே 55,646 பேர் வந்தார்கள். அடுத்த ஏப்ரலில் அவர் ஆடிய கல்லூரி இறுதிப் போட்டியை அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிவியில் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிப் போட்டிக்கு அந்த வருடம் அவ்வளவு பேர் இல்லை. பெரிய விஷயம்தான். ஆனால் அதே அயோவாவில் 1978இலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடிய பெண்கள் அணி ஒன்று இருந்தது. பெயர் அயோவா கார்னெட்ஸ். மொத்தம் இரண்டே சீசன். இரண்டிலும் இறுதிச் சுற்று வரை வந்தார்கள். அதோடு அணி இல்லை.

"பார்க்க ஆளில்லை, மூடிட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிதான் எனக்குப் பிரச்சினை. மற்ற எந்த மாநிலத்தைப் பற்றி அப்படிச் சொன்னாலும் கொஞ்சம் யோசிக்கலாம். அயோவாவைப் பற்றிச் சொல்லவே கூடாது.

ஏனென்றால் அங்கே பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து ஒரு திருவிழாவாகவே நடந்துகொண்டிருந்தது. இந்த ஆட்டம் பெண் பிள்ளைகளின் உடம்புக்கு ஆகாது என்று சொல்லி மற்ற மாநிலங்களில் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், 1925இல், அயோவாவின் சின்னச் சின்ன ஊர்ப் பள்ளிகள் தனியாகப் பிரிந்து வந்து பெண்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்துக்கொண்டன. டி மாய்ன் நகரத்தின் வெட்டரன்ஸ் அரங்கத்தில் வருடா வருடம் மாநிலப் போட்டி. சுமார் 15,000 பேர் உட்காரும் அந்த அரங்கம் நிரம்பிவிடும். 1968 இறுதிப் போட்டியில் யூனியன்-விட்டன் பள்ளி எவர்லி பள்ளியைக் கூடுதல் நேரத்தில் 113–107 என்று ஜெயித்தது. யூனியன்-விட்டனின் டெனிஸ் லாங் 64 புள்ளி, எவர்லியின் ஜீனெட் ஓல்சன் 76 புள்ளி. பள்ளிக்கூடப் பெண்கள்! அடுத்த வருடம் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணி டெனிஸ் லாங்கை, ஆண்கள் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டிலேயே தேர்ந்தெடுத்தது. லீக் தலைவர் அதைச் செல்லாது என்றுவிட்டார்.

அந்த ஆட்டம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் கார்னெட்ஸ் எப்படி ஆடினார்கள் என்பதும் புரியும். ஒரு அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் தாக்குதல், மூன்று பேர் தடுப்பு. நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. அதாவது ஒரு பாதியில் நம் தாக்குதல்காரர்கள் மூவரும் எதிரணித் தடுப்பாளர்கள் மூவரும். மறு பாதியில் இதற்கு நேர்மாறு. கூடையில் போடும் வேலை தாக்குதல்காரர்களுக்கு மட்டும். பந்தைக் கையில் வாங்கினால் இரண்டு தட்டுதான் தட்டலாம், அதற்குள் பாஸ் கொடுக்கணும் அல்லது ஷூட் பண்ணணும். பெண்களால் முழு மைதானம் ஓட முடியாது என்ற பழைய எண்ணத்தில் பிறந்த விதிகள் இவை. ஆனால் இந்த விதிகளுக்குள் வளர்ந்த ஒரு பெண்ணின் கையை யோசித்துப் பாருங்கள். பந்து வந்து விழுகிறது, தோளை ஒரு பக்கம் சாய்த்து ஏமாற்றுகிறாள், ஒரு தட்டு, இரண்டாவது தட்டு, காலை ஊன்றி எழும்பும்போதே பந்து விரலை விட்டுப் போயாகணும். மூன்றாவது தட்டு என்று ஒன்று கிடையாது. தயங்கினால் தவறு. வருடக்கணக்கில் இதையே செய்தவளுக்கு, தடுக்க வருகிறவள் கையைத் தூக்குவதற்குள் பந்து பாதி வழி போயிருக்கும்.

கார்னெட்ஸின் மோலி போலின் அப்படி வளர்ந்தவர். ஆயிரம் பேர்கூட இல்லாத மொரேவியா என்ற ஊர். பள்ளியில் ஒரே ஆட்டத்தில் 83 புள்ளி எடுத்தவர். முழு மைதானம் ஓடும் ஐவர் ஆட்டத்துக்குக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் மாறினார். 1978இல் பில் பர்ன் என்பவர் மகளிர் தொழில்முறை லீக்கைத் தொடங்கியபோது முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் மோலிதான். அயோவா கவர்னர் அலுவலகத்தில் வைத்துக் கையெழுத்து. வருடச் சம்பளம் 6,000 டாலர். அப்போது அவருக்குக் கல்யாணமாகி, கையில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. பந்து சரமாரியாக வருவதால் 'மெஷின் கன் மோலி' என்று பெயர் வைத்தார்கள்.

லீக்கின் முதல் ஆட்டம் 1978 டிசம்பர் 9, மில்வாக்கியில். மில்வாக்கி டோஸும் சிகாகோ ஹசிலும் மோதின. 7,824 பேர் வந்து பார்த்தார்கள். எட்டு அணிகளோடு தொடங்கிய முதல் சீசன் அது. கார்னெட்ஸின் உரிமையாளர் ஜார்ஜ் நிஸ்ஸன், டிராம்போலினைக் கண்டுபிடித்த அதே மனிதர், அயோவாக்காரர். சொந்த ஊர் என்று டி மாய்னை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை, சீடர் ராப்பிட்ஸிலும் ஆடினார்கள். 'கார்ன் டாக்' என்று பெயர் வைத்த பஸ்ஸில்தான் பயணம். அந்த சீசன் இறுதிச் சுற்றில் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் அணியோடு ஐந்தாவது ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள்.

இரண்டாவது சீசனில் மோலியைப் பிடிக்க முடியவில்லை. ஆட்டத்துக்குச் சராசரி 32.8 புள்ளி. 1980 மார்ச் 2 அன்று மின்னசோட்டா ஃபில்லீஸ் அணிக்கு எதிராக 55 புள்ளி. லீக் இருந்தவரை அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை. அந்த வருடத்தின் சிறந்த வீராங்கனை விருதை ஆன் மேயர்ஸும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள். மேயர்ஸ் யாரென்றால், 1979இல் இண்டியானா பேசர்ஸ் ஆண்கள் அணியோடு 50,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, அவர்களோடு சேர்ந்து தேர்வு முகாமில் ஆடியவர். அப்படிப்பட்டவருக்குச் சமமாக நின்றவர் மொரேவியாவிலிருந்து வந்த மோலி. கார்னெட்ஸ் மறுபடியும் இறுதிச் சுற்று போனார்கள். இந்த முறை நியூயார்க் ஸ்டார்ஸிடம் தோல்வி.

சரி, மோலி போலினுக்கு இதில் கிடைத்தது என்ன? சம்பளம் போதாமல் தன் படம் போட்ட போஸ்டர்களை விற்றார். விற்றதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் 32 புள்ளி சராசரி வைத்திருக்கும் ஒரு ஆண், வீட்டுச் செலவுக்காகத் தன் போஸ்டரைத் தானே விற்கும் நிலைமை வருமா? கலிஃபோர்னியா டிரீம்ஸ் அணி தன் வீராங்கனைகளை மாடலிங் பள்ளிக்கு அனுப்பியது, நடை உடை மேக்கப் கற்றுக்கொள்ள. அந்த நேரத்தையும் காசையும் பயிற்சிக்கும் உடற்பயிற்சி மருத்துவருக்கும் போட்டிருக்கலாம். ஆட்டத்தை நம்பாத முதலாளிகள்தான் இப்படி யோசிப்பார்கள்.

லீக்கின் கதையும் இதே கதைதான். முதல் சீசனில் எட்டாக இருந்த அணிகள் இரண்டாவது சீசனில் பதினான்காயின. கையில் இருக்கிற எட்டையே நிமிர்த்த முடியாத நேரத்தில் இது என்ன அவசரம்? வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா இரண்டு அணிகளும் சீசன் பாதியிலேயே காணாமல் போயின. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததும் பெரிய அடி. ஒலிம்பிக்கில் பெயர் வாங்கிய பெண்கள் நேராக லீக்குக்கு வருவார்கள், சனமும் பின்னாலேயே வரும் என்ற கணக்கு அப்படியே போய்விட்டது. மூன்றாவது சீசனில் மின்னசோட்டா ஃபில்லீஸ் பெண்களுக்குச் சம்பளம் வரவில்லை. 1981 மார்ச்சில் சிகாகோவில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே களத்தை விட்டு மொத்தமாக வெளியே நடந்தார்கள். அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அந்த சீசனோடு லீக்கும் முடிந்தது.

கார்னெட்ஸ் அதற்கும் முன்பே, இரண்டாவது சீசனோடு முடிந்துவிட்டது. மோலி புதிதாக முளைத்த போட்டி லீக் ஒன்றின் தென் கலிஃபோர்னியா அணிக்குப் போனார். அது சீக்கிரமே படுத்துவிட்டது. திரும்பி வந்து சான் பிரான்சிஸ்கோ பயனியர்ஸுக்கு ஆடினார், அந்த லீக்கும் 1981இல் போனது. அப்புறம் 1984இல் இன்னொரு லீக், அதுவும் நிலைக்கவில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் கொஞ்ச நாளில் பூட்டு.

பள்ளிப் போட்டிக்கு வந்த கூட்டம் கார்னெட்ஸுக்கு வரவில்லை என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளிப் போட்டிக்கு வருகிறவர் தன் ஊர்ப் பிள்ளையைப் பார்க்க வருகிறார், தன் அக்கா ஆடிய பள்ளி, தன் அம்மா ஆடிய பள்ளி. அந்தப் பிடிப்பு வர ஐம்பது வருடம் ஆனது. புது அணி ஒன்றின் மேல் அதே பிடிப்பு இரண்டு குளிர்காலத்தில் வந்துவிடணும் என்றால் எப்படி? கூடைப்பந்து தெரிந்த சனம் இருந்தது, தாய்மார்கள் முதல் பேத்திகள் வரை ஆடத் தெரிந்த சனம். அவர்கள் பழகி வருவதற்கு நேரம்தான் கொடுக்கவில்லை.

ஆண்களுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் தெரியுமா? இன்றைய என்.பி.ஏ. 1946இல் பதினொரு அணிகளோடு தொடங்கியது. முதல் சீசன் முடிந்ததுமே நான்கு அணிகள் மூடின. 1954இல் பால்டிமோர் அணி சீசன் நடுவிலேயே கலைந்து, மிச்சம் எட்டு அணிகள்தான். அதெல்லாம் நடந்து இருபத்தைந்து வருடம் கழித்துக்கூட நிலைமையைப் பாருங்கள். கார்னெட்ஸ் இரண்டாவது இறுதிச் சுற்றில் ஆடிய அதே 1980இல், மே 16 அன்று, மேஜிக் ஜான்சன் என்ற இருபது வயதுப் பையன் 42 புள்ளி எடுத்து லேக்கர்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தான். அந்த ஆட்டத்தை அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் டிவி நேரலையில் காட்டவே இல்லை. பதிவு செய்து வைத்துப் பின்னிரவில் போட்டார்கள். முப்பத்து நான்கு வயதான லீக்குக்கு அந்த மரியாதைதான். ஆனாலும் ஆண்கள் கூடைப்பந்துக்கு எதிர்காலம் இல்லை என்று சொல்லி யாரும் கடையைக் கட்டவில்லை. நஷ்டத்தில் ஓடினாலும் 'வளர்கிற தொழில்' என்று பெயர். பெண்கள் நஷ்டத்தில் ஓடினால் மட்டும் 'ஆளில்லாத தொழில்'.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தப் பெண்கள் எடுத்த புள்ளிகளையே கணக்கில் சேர்ப்பதில்லை. கிளார்க் 2024 பிப்ரவரியில் அதுவரை சாதனை வைத்திருந்த கெல்சி பிளமின் 3,527 புள்ளிகளைத் தாண்டியதும் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் உச்சம் தொட்டார் என்று எல்லா இடத்திலும் செய்தி. லினெட் வுட்டர்ட் அதற்கு நாற்பது வருடம் முன்பே கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் 3,649 எடுத்திருந்தார். ஆனால் இப்போது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு 1982இல் பெண்களைச் சேர்த்துக்கொள்வதற்கு முந்தைய கணக்கு அது. அதனால் புத்தகத்தில் ஏறவில்லை. வுட்டர்டை அரங்கத்துக்கே வரவழைத்து மரியாதை செய்த அயோவா பல்கலைக்கழகத்தை இந்த விஷயத்தில் பாராட்டித்தான் ஆகணும். அப்படியே இன்னும் பின்னால் போனால் பேர்ல் மூர் நிற்கிறார். பிரான்சிஸ் மேரியன் என்ற சின்னக் கல்லூரியில் 4,061 புள்ளிகள். கிளார்க் 3,951இல் முடித்தார், அவரும் அதைத் தொடவில்லை. பேர்ல் மூர் அப்புறம் எங்கே ஆடினார் என்றால், நியூயார்க் ஸ்டார்ஸில். 1980இல் கார்னெட்ஸைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய அதே அணி. அன்றைய இறுதிச் சுற்றில் எப்பேர்ப்பட்டவர்கள் எதிரெதிரே நின்றார்கள் என்று பாருங்கள்.

2018இல் நாக்ஸ்வில்லில் உள்ள மகளிர் கூடைப்பந்துப் புகழ் மன்றம் கார்னெட்ஸ் ஆடிய அந்த லீக் முழுவதையும், வழி திறந்தவர்கள் என்று கௌரவித்தது. நல்ல காரியம். ஆனால் பாராட்டோடு நின்றுவிட எனக்கு மனசில்லை. ஆண்களில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1967 முதல் 1976 வரை என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக ஏ.பி.ஏ. என்றொரு லீக் நடந்தது. அதில் ஆடி, வயதான காலத்தில் கஷ்டப்பட்ட வீரர்களுக்காக 2022இல் என்.பி.ஏ.வும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து 2 கோடியே 45 லட்சம் டாலர் ஒதுக்கின. அந்த லீக்கின் நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன, பெண்கள் லீக்குக்கு அப்படி ஒரு சட்டத் தொடர்பு இல்லை என்று சிலர் வாதாடுவார்கள். காகிதத்தில் இல்லைதான். ஆனால் 1997இல் இன்றைய பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியபோது, பெண்கள் தொழில்முறையாக ஆட முடியும் என்பதை முதலில் சொந்தச் செலவில் நிரூபித்து வைத்திருந்தவர்கள் யார்? வராத சம்பளத்தோடு பஸ் ஏறிப் போய் ஆடிய இவர்கள்தான்.

கணக்கும் பெரிய கணக்கில்லை. மூன்று சீசன், நாடு முழுக்கச் சில நூறு பேர். யாருக்கு எவ்வளவு சம்பளம் பாக்கி நின்றது என்று அந்தந்த ஊர்ப் பழைய பத்திரிகைகளையும், இப்போது இருக்கும் வீராங்கனைகளையும் வைத்தே பட்டியல் போட்டுவிடலாம். அந்த பாக்கியை இன்றைய மதிப்பில் டபிள்யூ.என்.பி.ஏ.வும் என்.பி.ஏ.வும் சேர்ந்து கொடுக்கட்டும். அதோடு, கல்லூரிச் சாதனைப் பட்டியலில் 1982க்கு முந்தைய பெண்களின் புள்ளிகளையும் ஏற்றட்டும். அந்தப் பெண்களுக்கு இப்போது அறுபதுகளின் கடைசி, எழுபதுகள். கமிட்டி போட்டுப் பத்து வருடம் யோசிக்கிற காரியமில்லை இது.